பளபளப்பு முக்கியமா, பாய்லர் முக்கியமா?

கம்ப்யூட்டர் இதழில் நீராவி எஞ்சினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாக கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள், வீட்டில் கிடக்கும் பழைய பொருளைச் சரி செய்வது எப்படி என்று வீடியோக்களைத் தேடுகிறார்கள். நானும் தேடினேன். பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்த்த என் மாமா 1970களில் கொண்டு வந்த மேமாட் எஞ்சின் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. மேமாட், பர்மிங்ஹாமில் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937ல் தொடங்கிய நிறுவனம். பொம்மைதான், ஆனால் நிஜமாகவே ஓடும். பித்தளை பாய்லரில் தண்ணீர் ஊற்றி அடியில் நெருப்பு வைத்தால், நீராவி பிஸ்டனைத் தள்ளிச் சக்கரத்தைச் சுற்ற வைக்கும்.

வீடியோக்களில் துருப்பிடித்த எஞ்சின் பத்தே நிமிடத்தில் தங்கம் போல் மின்னுகிறது. நானும் இரண்டு நாள் பாலீஷ் போட்டேன். அடித்தட்டில் இருந்த கம்பெனி முத்திரை அழிந்ததுதான் மிச்சம். பிறகு பற்ற வைத்தேன். சக்கரம் சுற்றவில்லை, சிலிண்டர் பக்கம் ஆவி கசிந்தது.

இந்த வகை எஞ்சினில் சிலிண்டரே ஊஞ்சல் போல் அசைந்து, ஆவி வரும் துளையைத் திறந்து மூடும். ஒரு ஸ்பிரிங் அதைத் தட்டையான தகட்டோடு அழுத்திப் பிடித்திருக்கும். கசிவு நிற்கட்டும் என்று அந்த ஸ்பிரிங்கின் நட்டை இறுக்கினேன். சக்கரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெருமை தாங்கவில்லை! என் மகள் முகத்தைக் கிட்டே வைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சேப்டி வால்வு ஒரு முறைகூட ஊதவில்லையே? சந்தேகம் வந்து நெருப்பை அணைத்தேன். நன்றாக ஆறிய பின் கழற்றிப் பார்த்தால், உப்பு படிந்து வால்வு கல் போல் இறுகிக் கிடந்தது. அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங் தளர்ந்து, சிலிண்டர் சற்றே விலகி ஆவியை வெளியே விடும். பாய்லருக்கு மிச்சமிருந்த அந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டிருந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எனவேதான் சொல்கிறேன், "முன்பு - பின்பு" என்று மினுமினுப்பைக் காட்டும் வீடியோக்கள் புதியவர்களுக்கு நல்லதல்ல. வால்வும் பாய்லரும் தேறிய பின்தான் பாலீஷ். பாய்லரை ஆவியால் சோதிக்காதீர்கள். காற்று துளியும் இல்லாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நீர் சுருங்காது, எனவே பாய்லர் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் பீச்சும், அவ்வளவுதான். இதை நான் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் செய்து வாங்கினேன். உள்ளே படிந்திருந்த உப்பை சிட்ரிக் ஆசிட் கரைசல் கரைத்தது. இப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறேன். தண்ணீர் வற்றும் முன் நெருப்பை அணைத்திட வேண்டும். வற்றிய பாய்லரில் ஈயப்பற்று உருகிவிடும்.

அப்படியானால் கம்ப்யூட்டரால் பயனே இல்லையா? உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, ஒரு தனி போல்டரில் 01, 02 என்று வரிசையாகப் பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். திரும்பப் பூட்டும்போது எந்த வாஷர் எங்கே என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. உதிரி பாகங்களும் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆர்டர் செய்யும் முன் மரையைக் கவனியுங்கள். மேமாடில் அங்குல மரை, ஜெர்மனியின் விலெஸ்கோவில் மில்லிமீட்டர் மரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும். மாற்றி முறுக்கினால் பாய்லரின் மரை போய்விடும்.

புது வால்வு போட்டு, நட்டைப் பழையபடி தளர்த்திவிட்டேன். சிலிண்டர் உரசும் முகத்தை, கண்ணாடி மேல் நைஸ் எமரித்தாள் வைத்துத் தேய்த்ததும் கசிவு தானாகக் குறைந்தது. பாய்லர் மறுபடி கறுத்துவிட்டது. பாலீஷ் டப்பா பரணில் இருக்கிறது.