நாய் விவாதத்தில் விடுபட்ட சிங்கங்கள்

தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையும், வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆகஸ்ட் 22 அன்று அதைத் தளர்த்திய கட்டளையும் கிளப்பிய விவாதத்தில், கடிபட்ட குழந்தைகளுக்காகவும் அடிபட்ட நாய்களுக்காகவும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், காட்டு மிருகங்களுக்காக ஒரு வரி எழுதியதை நான் காணவில்லை.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் 1994-இல் நேர்ந்ததை எத்தனை முறை சொன்னாலும் தகும். சுற்றுவட்டாரக் கிராமங்களின் நாய்களிடமிருந்து கிளம்பிய டிஸ்டெம்பர் வைரஸ், கழுதைப்புலிகளையும் நரிகளையும் தாக்கி, சிங்கங்களை எட்டி, அவற்றை வலிப்பில் துடிக்கச் செய்து, ஏறத்தாழ 1,000 சிங்கங்களை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, அந்த ஓராண்டுக்குள் வாரிக்கொண்டு போயிற்று. வறட்சியில் மெலிந்த எருமைகளின் உண்ணிகளால் பரவிய இரத்த நோயும் அதற்குத் துணைபுரிந்தது. எத்தியோப்பியாவின் பேல் மலை ஓநாய்களையோ, வீட்டு நாய்களிடமிருந்து வந்த ரேபிஸ் திரும்பத் திரும்பச் சூறையாடியிருக்கிறது.

நம் தேசத்துக்கும் எச்சரிக்கை வராமல் இல்லை. 2018 செப்டம்பரில் கிர் வனத்தின் தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் சாகத் தொடங்கியபோது, தமக்குள் சண்டையிட்டு மாண்டன என்றே முதலில் சொன்னார்கள். 23 உயிர்கள் போய், டிஸ்டெம்பர் உறுதியான பிறகு அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள். செத்த மாட்டை ஊரெல்லையில் போட்டுவிட, இரவில் நாய் அதில் வாய்வைத்த சற்று நேரத்திலேயே சிங்கமும் அதே சடலத்துக்கு வந்தால், நோயுற்ற நாயின் எச்சிலும் மூக்குச் சளியுமே அதன் உயிருக்கு உலை வைக்கப் போதுமானவை.

கருத்தடைத் திட்டம் வலியுறுத்துவது ரேபிஸ் ஊசியை. டிஸ்டெம்பரைப் பற்றி எவருக்கும் சிரத்தையில்லை. நாய்க்கு மட்டும் இரங்கிச் சிங்கத்தை மறப்பது ஜீவகாருண்யமே அன்று. செரெங்கெட்டியில் நாய்களுக்கு ஊசி போட்ட பின்னும் வைரஸ் காட்டுப் பிராணிகளிடையே உலவிற்றே என்ற ஆட்சேபம், ஊசி மட்டும் போதாது, நாயை வனத்தருகே அண்டவிடவும் கூடாது என்பதற்கே சான்றாகும்.

2025 கணக்கெடுப்பின்படி 891 ஆசியச் சிங்கங்கள்; அத்தனையும் குஜராத் என்ற ஒரே மாநிலத்தில். சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ வனத்துக்குக் கொண்டுபோகும்படி 2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே, சரணாலயங்களை ஒட்டிய கிராமங்களில் வளர்ப்பு நாய் ஒவ்வொன்றுக்கும் டிஸ்டெம்பர் ஊசியைக் கட்டாயமாக்கி, உடையவனில்லாத நாயைப் பிடித்த இடத்திலேயே விடும் விதியை அங்கே அடியோடு நீக்கும் சட்டத் திருத்தத்தை, நாடாளுமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே நிறைவேற்ற வேண்டும்.