கலப்படமாம், கலப்படம்! - டிக்ரான் ஹமாஸ்யானை முன்வைத்து

டிக்ரான் ஹமாஸ்யானைப் பத்தி யாராவது நாலு வரி எழுதினா போதும், ரெண்டு கோஷ்டி கிளம்பி வந்துடுது. முதல் கோஷ்டி, "இது ஜாஸே இல்ல, பியானோவுல மெட்டல் வாசிக்கிறார்" என்கிறது. ரெண்டாவது, "அருமையான ஆர்மீனிய நாட்டுப்பாட்டுல ராக்கைக் கலந்து கெடுக்கிறார், சுத்தக் கலப்படம்" என்கிறது.

முதல் கோஷ்டிக்கு ஒரு வரி பதில். 2006-ல் தெலோனியஸ் மங்க் ஜாஸ் பியானோ போட்டியில் முதல் பரிசு வாங்கினப்ப அவருக்கு வயசு 19. ஜாஸ் தெரியாதவருக்கு அதைத் தூக்கிக் கொடுக்க மாட்டாங்க.

என் சண்டை ரெண்டாவது கோஷ்டியோடதான்.

ஐயா சுத்தக்காரரே, நீங்க 'ஒரிஜினல்'னு சொல்றது எதை? பெரும்பாலும் கோமிதாஸ் (1869-1935) எழுதி வெச்ச பாட்டுகளை. அந்தப் பாதிரியார் கிராமத்து ஜனங்க பாடின உழவுப் பாட்டு, கல்யாணப் பாட்டுன்னு ஆயிரக்கணக்கில் சேகரிச்சார். அதோட நிறுத்தினாரா? பெர்லின்ல மேற்கத்திய இசை படிச்சவர். ஒத்தைக் குரல் பாட்டைப் பல குரல் கோரஸ் ஆக்கினார், பியானோ சேர்த்தார், மேடை ஏத்தினார். ஏர் பிடிச்சவன் வயல்ல பியானோவா வெச்சிருந்தான்? உங்க கணக்குப்படி முதல் கலப்படக்காரர் அவர்தான்!

1915 ஏப்ரல் 24 அன்னிக்கு இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிவுஜீவிகளை வளைச்சுப் பிடிச்சாங்க. அதில் கோமிதாஸும் ஒருத்தர். உயிரோட திரும்பினார், ஆனா மனசு உடைஞ்சு போச்சு. மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதி மனநல மருத்துவமனையில கழிஞ்சது. சேகரிச்சதில் நிறைய தொலைஞ்சு போச்சு. அதைப் பாடின ஜனங்களையே ஊர் ஊராக் கொன்னாங்க, மிஞ்சினவங்களைத் துரத்தினாங்க. பல ஊர்ப் பாட்டுக்கு இன்னிக்கு மிஞ்சினது காகிதம்தான். அதையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சு 'தொடாதே'ன்னு போர்டு மாட்டினா பாட்டு எப்படிப் பொழைக்கும்?

சரி, டிக்ரான் என்னதான் பண்றார்? ஆர்மீனியாவில் டுடுக் வாசிக்கிறவங்க ரெண்டு பேரா உக்காருவாங்க. ஒருத்தர் மெட்டு வாசிக்க, இன்னொருத்தர் இடைவெளி விடாம ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார். என் காதுக்கு, டிக்ரானோட இடது கை பல இடத்துல அந்த ரெண்டாவது ஆளோட வேலையைத்தான் செய்யுது. என்ன, ஸ்வரம் அமைதியா நிக்காம கீழ் ஸ்தாயியில் இடிக்குது.

அந்த இடியில் ஸ்வீடன் மெட்டல் குழு மெஷுகாவோட சாயல் இருக்கு. சிம்பல் நாலு நாலா எண்ணிக்கிட்டுப் போகும். கிதார் ஒத்தைப்படை நீளத்தில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ரெண்டும் விலகி விலகிப் போய் ஒரு இடத்தில் சேரும். 'மாக்ரூட்' (2015) கேளுங்க, இந்தக் கணக்கு புரியும். ஆனா அத்தனை இடிக்கு மேலயும் மெட்டு பாட்டுக்குப் பாடிக்கிட்டிருக்கும்.

அதே 2015-ல் வந்த 'லூய்ஸ் இ லூசோ'வில் டிரம்ஸே கிடையாது. யெரெவான் கோரஸ் பழைய தேவாலயப் பாட்டுகளைப் பாட, இவர் பியானோவில் கற்பனையா கூடவே போறார். எங்க இடிக்கணும், எங்க அடங்கணும்னு தெரிஞ்ச ஆள்.

எல்லாக் கலவையும் உசத்தின்னு நான் சொல்லல. நாட்டுப்பாட்டை ஊறுகாய் மாதிரி ஓரத்துல வெச்சுட்டு ஃப்யூஷன்னு விக்கிறதைக் கேட்டா நானும் ஓடிடுவேன். என் சோதனை சிம்பிள்: மெட்டை உருவிட்டா மிச்சம் நிக்குதா? நின்னா அது வெறும் ஒட்டு வேலை. இவர்கிட்ட மெட்டை உருவினா மொத்தமும் சரிஞ்சுடும்.

ரெண்டையும் முழுசாக் கேட்டுட்டு வந்து திட்டுங்க மக்களே. கேக்காமத் திட்டினா பின்னூட்டம் மட்டுறுத்தப்படும் :-)