அரிப்புக்கு மருந்திட்டால் அம்மன் கோபிக்க மாட்டாள்

சின்னம்மை கண்ட குழந்தைக்கு முதல் மூன்று, நான்கு இரவுகள்தான் பெரும்பாடு. பகலில் விளையாட்டில் மறந்திருந்த அரிப்பு, விளக்கை அணைத்ததும் உடம்பெங்கும் கிளம்பும். ஒரு கொப்புளம் காயும்போதே பக்கத்தில் புதிதாக இரண்டு எழும்பும். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், வாய்க்குள், சிறுநீர் கழிக்கும் இடத்தில்கூட வரும். மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘சொறியாதே’ என்று சொல்லி என்ன பயன்? அது அழும், சொறியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அழும்.

கோடை நெருங்கும் மாதங்களில் அம்பத்தூர், கொரட்டூர், பட்டாபிராம் தெருக்களில் வாசல்நிலையில் வேப்பிலைக் கொத்து செருகிய வீடுகள் தென்படும். ‘அம்மா வந்திருக்கா’ என்று பக்கத்து வீட்டார் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். வெளியாட்கள் வரமாட்டார்கள். திருவேற்காடு தேவி கருமாரியம்மனை வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். குணமானதும் ‘தண்ணி ஊற்றுவது’ என்னும் சடங்குக் குளியலை மூன்றாம் தண்ணிவரை முடித்து, கோயிலுக்குப் போய் வந்தால்தான் பாட்டிக்கு மனசு ஆறும்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளுவது நியாயமல்ல. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை பிறருக்குப் பரவும். வாசலில் தொங்கும் வேப்பிலை, ‘உள்ளே வராதீர்கள்’ என்று தெருவுக்கே சொல்லும் அறிவிப்பு. நோய்க் கிருமியை யாரும் கண்டறியாத காலத்திலேயே இந்த ஊர் தனிமைப்படுத்தலைக் கடைப்பிடித்தது. காரமும் எண்ணெயும் இல்லாத சாப்பாடு, இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ், நுங்கு எல்லாமே வாய்க்குள் புண் வந்த குழந்தைக்கு இதமானவை. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் படுக்க வைப்பதும் அப்படித்தான்.

ஆனால் அதே பட்டியலில் குழந்தையை வதைக்கும் விலக்குகள் இரண்டு இருக்கின்றன. தண்ணி ஊற்றும் நாள்வரை குளிப்பாட்டக் கூடாது என்பது ஒன்று. மருந்து கொடுத்தால் அம்மன் சினம் கொள்வாள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

இந்த விலக்குகள் வேறொரு நோயின் காலத்தில் வேரூன்றியவை. பெரியம்மையின் கொடிய வகை கண்டவர்களில் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. தெய்வத்திடம் முறையிட்டு அசையாமல் காத்திருப்பதைத் தவிர வீட்டாருக்கு வழியில்லை. பெரியம்மைத் தடுப்பூசிக்கான பொருளைத் தயாரிக்க, கிண்டியில் கிங் நிலையம் 1899-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்தது, அதன் அச்சமும் கட்டுப்பாடுகளும் மட்டும் சின்னம்மையின்மேல் இறங்கிவிட்டன. இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள்.

குளித்தால் கொப்புளம் பரவும் என்று பயப்படுகிறார்கள். பரவாது. கொப்புளங்கள் உள்ளிருந்து ரத்தத்தின் வழியே வருபவை, தண்ணீரால் நகர்பவை அல்ல. உண்மையில் சென்னை வெயிலில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர அரிப்பு கூடும். சொறிந்து உடைந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்கும். சின்னம்மை வந்த பிள்ளைகளை மருத்துவமனையில் சேர்க்க நேர்வதற்கு இந்தச் சீழ் ஒரு முக்கியக் காரணம். முகத்தில் நிரந்தரத் தழும்பு விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே தினம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள் குளிப்பாட்டலாம். அதில் வேப்பிலை போட்டு ஊறவைப்பது குடும்பத்துக்கு நிம்மதி தருமென்றால் தாராளமாகப் போடட்டும். டெட்டால் போன்றவை வேண்டாம், உடைந்த தோலில் எரியும். தேய்க்காமல் மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஈரம் உலர்ந்ததும் காலமைன் லோஷன். தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும் அந்த இளஞ்சிவப்புத் திரவம் நோயைக் குணப்படுத்தாது. அரிப்பைக் கொஞ்ச நேரம் ஆற்றும், குழந்தை கண்ணயர அது போதும். கண்ணருகிலும் வாய்க்குள்ளும் படக் கூடாது. நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். ராத்திரியில் பழைய பருத்திக் காலுறையைக் கைகளில் மாட்டிவிட்டால், தூக்கத்தில் சொறிந்தாலும் தோல் கிழியாது. மின்விசிறியை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடியபடி பாட்டுப் பாடும் பாட்டியின் வழக்கமும் தொடரட்டும். சொறியத் துடிக்கும் குழந்தைக்கு அந்தக் கையும் அந்தப் பாட்டுமே பாதி ஆறுதல். புண்ணில் அரைத்த விழுதைப் பூசுவது மட்டும் வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், எடைக்கேற்ப டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். அரிப்பு தூங்கவே விடாவிட்டால் அதற்கான மருந்தையும் அவரிடமே கேட்டு வாங்கலாம். ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. சின்னம்மைக் காலத்தில் அதைக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி அரிதாக வந்திருக்கிறது. இபுபுரூஃபனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். தோலில் ஏற்படும் தொற்றை அது மோசமாக்கலாம்.

காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினாலோ, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோயில் முடிப்பு வீட்டில் பத்திரமாக இருக்கும். போகலாமா வேண்டாமா என்று குழம்பினால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை. வீட்டில் கர்ப்பிணியோ, பிறந்த சிசுவோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் முதல் கொப்புளம் தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இது சாதாரண நோயல்ல.

இந்தப் பகுதியின் நிஜம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போகும் தாய்க்குத் தனி அறை ஏது? ஒற்றை அறை வாடகை வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால், இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த பிள்ளைக்கும் பெரும்பாலும் வரும். வீட்டுக்குள் தொற்றி வரும் இரண்டாவது குழந்தைக்குக் கொப்புளங்கள் அதிகமாக இருப்பதும் உண்டு. நாட்கூலித் தாய்க்கு அது இரண்டு தடவை சம்பள இழப்பு. ‘குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் எவரும், அந்தத் தாய்க்குச் சம்பளத்தோடு ஒரு வார விடுப்பு கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனை அவதியையும் பெருமளவு தடுக்க ஊசி இருக்கிறது. 1964-ல் தன் சிறு மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி, பத்தாண்டு உழைத்து 1974-ல் அதை உருவாக்கினார். அமெரிக்கா 1995-லேயே எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்துவிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு தவணை போடச் சொல்கிறது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இன்னும் சேரவில்லை. ஆவடியில் தனியார் மருத்துவமனைக்குப் போகக்கூடிய வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதே தெருவில் அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. இலவச அட்டவணையில் இதைச் சேர்க்கத் தமிழ்நாடு அரசு டெல்லியை வற்புறுத்த வேண்டும். அதுவரை, நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாநில அரசே தன் செலவில் இதைப் போடத் தொடங்கலாம்.