ஹெலிகொப்டர் வந்தால் மட்டும் போதுமா?

நெடுந்தீவிலிருந்து நோயாளி ஒருவரை விமானப்படை ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று செய்தி வந்தால் நாம் எல்லோரும் சந்தோஷமாகப் பகிர்கிறோம். நல்லதுதான். ஆனால், ஏற்றுவதற்கு முன் அந்த நோயாளியை யார், எப்படித் தயார்படுத்தினார்கள் என்று நாம் கேட்பதில்லை.

வகுப்பில் போயிலின் விதி படிப்பிக்கிறோம். அமுக்கம் குறைந்தால் வாயுவின் கனவளவு கூடும். ஆகாயத்தில் இது பரீட்சைக் கேள்வி அல்ல, உயிர்ப் பிரச்சினை. 8,000 அடி உயரத்தில் உடம்புக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்த ஒருவரைக் குழாய் போடாமல் ஏற்றினால் நுரையீரல் இன்னும் நசுங்கும். தாழப் பறக்கும்போது இந்த ஆபத்து குறைவு; மலைநாட்டைத் தாண்டும்போது கூடும். எவ்வளவு தாழப் பறந்தாலும் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் கேட்காது.

அவுஸ்திரேலியாவில் 1928இல் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவையில் தாதியர் அவசர சிகிச்சையும் மகப்பேறும் கற்றவர்கள். நம் நாட்டில் 2016இல் ஆரம்பித்த 1990 சுவசெரிய மக்கள் மனதில் இடம்பிடித்ததும் வாகனங்களால் மட்டுமல்ல, உள்ளே இருந்த பயிற்சி பெற்ற பிள்ளைகளால்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். நோயாளியை அனுப்பும் தீவு, மலையக, கரையோர வைத்தியசாலைகளின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். விமானப்படையினரோடு வருடத்துக்கு ஒரு தடவையாவது கூட்டு ஒத்திகை நடக்க வேண்டும். இதற்குப் புது ஹெலிகொப்டர் வாங்கத் தேவையில்லை.

அரசியல்வாதிகளிடம் வைத்தியசாலைக்குக் கட்டடம் கேட்கிறோமே, இனி இதையும் சேர்த்துக் கேட்போம்.