சிறுகாயம் என்றொரு பெரும்பொய்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் நான் மிக அதிகமாக எழுதிய சொற்றொடர்களுள் ஒன்று, "சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்" என்பதாகும். பஸ் பள்ளத்தில் பாய்ந்தாலும், லொறியுடன் மோட்டார் சைக்கிள் மோதினாலும், துவிச்சக்கர வண்டிக்காரர் கானுக்குள் விழுந்தாலும் அதே வரிதான். பிரதேச நிருபர் தொலைபேசியில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன், இருவரும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்தச் சிறு காயம் எத்தனை நாளில் ஆறியது, ஆறும்வரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒருமுறையேனும் நான் விசாரித்ததில்லை. அந்தக் குற்றவுணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

விடயம் இதுதான். மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோர் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் அணிய வேண்டுமா, வேண்டாமா?

இது என்ன பெரிய பிரச்சினை என்று சிலர் சிரிக்கக்கூடும். எனக்கும் முன்னர் அப்படித்தான் தோன்றியது. கண்டி ஹந்தானையில் ஒரு காலைப்பொழுது என் எண்ணத்தை மாற்றியது.

தேயிலை நூதனசாலைக்கு மேலே செல்லும் வீதியோரம் நின்றுகொண்டிருந்தேன். மலைச்சவாரிக்கென்று ஆறு பேர் கொண்ட குழுவொன்று தயாராகிக்கொண்டிருந்தது. நால்வர் வெளிநாட்டவர், இருவர் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அறுவரும் தலைக்கவசம், கையுறை, முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் என்று முறையாக அணிந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னே சென்று வழிகாட்டவேண்டியவர் ஏழாவது ஆள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளை. பழைய தலைக்கவசம் ஒன்றைத் தவிர அவரது உடம்பில் வேறெந்தக் காப்பும் இல்லை. அரைக்காற்சட்டைக்குக் கீழே இடது முழங்காலில் உள்ளங்கையளவு தழும்பு.

"தம்பி, உங்களுக்கு அந்த முழங்கால் கவசம் இல்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கஸ்டமருக்குத்தாங்க ஐயா. நமக்குப் பாதை தெரியுந்தானே" என்றார்.

"அப்படியென்றால் இந்தத் தழும்பு?"

சற்றுத் தயங்கினார். "அது மழை பேஞ்ச மறுநாளு. கல்லு வழுக்கிருச்சு. சின்னக் காயந்தாங்க. ஆனா சீழ் வச்சிருச்சு. ஒன்றரை மாசம் வேலைக்குப் போகல."

"சம்பளம்?"

அவர் சிரித்தார். அது பதில் தேவைப்படாத கேள்வி என்பது எனக்கும் புரிந்தது. சவாரி போனால்தான் காசு. அவ்வளவுதான்.

நான் நூற்றுக்கணக்கான தடவை எழுதிய அந்தச் "சிறு காயம்" முதன்முறையாக ஒரு முகத்தோடு என் முன்னால் நின்றது.

கவசம் வேண்டாம் என்போரின் வாதங்களை நான் அறிவேன். நண்பர்கள் வட்டத்திலேயே கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "நாங்கள் எல்லாம் வெறுங்காலோடு ஓட்டியவர்கள், இது இன்றைய பிள்ளைகளின் செல்லம்." நாம் ஓட்டியது உண்மை. ஆனால் எங்கே ஓட்டினோம்? பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகும் வீதியில், பாரமான வண்டியில், மெதுவாக. ஹந்தானைச் சரிவிலோ நக்கிள்ஸ் மலையடிவாரத்திலோ இன்று இறங்கும் வண்டி வேறு சாதி. அகன்ற டயர், டிஸ்க் பிரேக், முன்சில்லுக்கு அதிர்வுதாங்கி. இறங்கும் வேகமும் வேறு. இரும்புக்கு அதிர்வுதாங்கி பூட்டத் தெரிந்தவர்கள் எலும்புக்குப் பூட்டினால் செல்லம் என்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அதுமட்டுமல்ல. இந்த விளையாட்டின் முன்னோடிகள் என்று சொல்லப்படுபவர்கள் 1976இல் கலிபோர்னியாவில் மவுண்ட் டமால்பையஸ் மலைக்கு அருகே 'ரீபாக்' என்ற பந்தயத்தை ஓடியவர்கள். பழைய வண்டிகளின் பின்சில்லுப் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் எரிந்து போக, ஓட்டம் முடிந்ததும் புதிதாகக் கிறீஸ் அடைக்கவேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் தடித்த ஜீன்ஸ், தோல் கையுறை, கனமான சப்பாத்து ஆகியவற்றோடுதான் அவர்கள் நிற்கிறார்கள். கடையில் கவசம் கிடைக்காத காலத்தில் கையில் கிடைத்ததைக் கவசமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது இடுப்பிலிருந்து கீழே படங்கு கட்டிக்கொள்வார்கள். தேயிலைச் செடியின் வாது கீறாமலிருக்கவும் பனி ஈரம் ஊறாமலிருக்கவும் அந்தப் படங்கு. தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். அவர்களை யாரும் கோழைகள் என்று சொன்னதில்லை. வேலை தெரிந்தவர்கள் என்றுதான் சொல்வோம்.

இரண்டாவது வாதம்: "கவசம் அணிவது பயந்தாங்கொள்ளித்தனம்." இலங்கையரான நமக்கு இதற்குப் பதில் கிரிக்கெட்டிலேயே இருக்கிறது. 1975 ஜூன் 11, லண்டன் ஓவல் மைதானம், முதலாவது உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியாவின் ஜெஃப் தொம்சன் வீசிய பந்துகளில் அடிபட்டுச் சுனில் வெத்தமுனியும் துலிப் மெண்டிஸும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மெண்டிஸுக்குத் தலையில் அடி. அன்று துடுப்பாட்டக்காரர் எவரும் தலைக்கவசம் அணியவில்லை. இரண்டாண்டுகள் கழித்துக் கெரி பெக்கரின் உலகத் தொடர் போட்டிகளில் டெனிஸ் அமிஸ் தலைக்கவசத்தோடு இறங்கியபோது அது விநோதமாகத்தான் பார்க்கப்பட்டது. இன்று தலைக்கவசம் இல்லாமல் வேகப்பந்தை எதிர்கொள்ளும் பாடசாலை மாணவனை அஸ்கிரியவில் எந்தப் பயிற்றுநரும் களத்தில் இறக்கமாட்டார். வீரம் குறைந்துவிட்டதா என்ன?

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது: "கவசம் எலும்பு முறிவைத் தடுக்காது, பிறகெதற்கு?" பாதி உண்மை. முழங்கால் கவசம் மூட்டுத் தசைநார் முறுகுவதைத் தடுக்காது. உயரத்திலிருந்து விழுந்து கை முறிவதை முழங்கைக் கவசம் தடுக்குமென்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் அது தடுப்பது எது என்பதைப் பார்க்கவேண்டும். முழங்காற்சில்லுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது தோல் மட்டுமே. தொடையில் இருப்பதுபோல் தசைமெத்தை இல்லை. முழங்கை முனையும் அப்படித்தான். கல்லில் உரசினால் அங்கே தோல் எளிதில் கிழியும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் மூட்டு மடங்குவதால் காயம் மூடவும் நாளெடுக்கும். காயம் ஆழமாகி மூட்டுக்குள்ளே கிருமி போனால் அது சத்திரசிகிச்சைக் கூடம் வரை கொண்டுபோகும். இந்த உரசலையும் நேரடி அடியையும் தாங்குவதற்காகவே கவசம் உருவாக்கப்பட்டது.

அதற்கு அளவுகோலும் உண்டு. மோட்டார் சைக்கிளோட்டிகளின் கைகால் கவசங்களுக்கான ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரத்தைத்தான் நல்ல சைக்கிள் கவசங்களும் பின்பற்றுகின்றன. 50 ஜூல் சக்தியுள்ள அடி விழும்போது கவசத்தைத் தாண்டி உள்ளே செல்லும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல்தரம். 20க்கு மேற்படாவிட்டால் இரண்டாம் தரம். இரண்டாம் தரமே கூடிய பாதுகாப்பு. வாங்குபவர்கள் உள்ளே தைத்திருக்கும் அடையாளத்தைப் பார்த்து வாங்கலாம்.

2014இல் சிட்னியில் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தும் கழுத்தில் பந்து தாக்கி இறந்தார். அதன் பின்னர் கிரிக்கெட் உலகம் "தலைக்கவசத்தால் பயனில்லை" என்று அதைக் கழற்றி எறியவில்லை. கழுத்துக்கும் காப்பு சேர்த்தது. அறிவுள்ளவர்கள் செய்வது அதைத்தான்.

நான்காவது வாதம்: "வெக்கை." கண்டியின் நடுப்பகலில் ஏற்றத்தில் மிதிக்கும்போது கவசம் வேகவைக்கும் என்பது மெய்தான். அட்டைக்கு மேலும் ஒரு மறைவிடம் கிடைக்கும் என்பதும் மெய். தீர்வு எளியது. ஏறும்போது பையில் கட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்போது அணியுங்கள். சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனமும் இறக்கத்தைத் தனியாகவே நோக்குகிறது. மலையிறக்கப் பந்தயத்தில் முகம் மூடும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, முழங்கால், முழங்கை, தோள், முதுகுக் கவசங்களை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் குறுக்குநாட்டுப் பந்தயத்தில் ஓடுபவர்கள் பெரும்பாலும் கவசமின்றியே ஓடுகிறார்கள். எனவே எல்லா இடத்திலும் எல்லாரும் அணியவேண்டும் என்று நான் வாதிடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவனொருவன் சைக்கிளில் போக முழங்கால் கவசம் எதற்கு? கல் பதித்த தோட்டவீதியில், கான் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதையில், சருகு மூடிய பைன் காட்டுச் சரிவில் வேகமாக இறங்குபவருக்கு அது வேண்டும்.

ஐந்தாவது வாதம்: "கவசம் போட்டால் துணிச்சல் கூடி இன்னும் வேகமாக ஓட்டுவார்கள்." சிலர் ஓட்டுவார்கள்தான். அவர்களைத் திருத்தவேண்டியது பயிற்சியும் கண்டிப்பும். அடுத்தவன் முழங்காலைக் கிழிய விட்டு ஒருவனுக்கு நிதானம் கற்பிக்க முடியாது.

கண்டிப் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு: எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டி, மாத்தளை, கேகாலை மூன்றும் இருந்தன. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இருக்கும் கிருமி, கிழிந்த தோல் வழியாக உடலுக்குள் புகுகிறது. மழைக்குப் பிந்திய பாதை, சேறு, கிழிந்த முழங்கால் என்ற மூன்றும் சேருமிடத்தில் "சின்னக் காயந்தானே" என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. விழுந்தவர் உடனே சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு காயத்தைக் கழுவவேண்டும். ஏற்புத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், சேற்றில் விழுந்த கதையை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

கவசம் தேவையா என்ற விவாதம் வசதியுள்ளவர்களின் விவாதமாகவே நடக்கிறது. விருந்தினருக்கு அது தேவை என்பதில் சவாரி நடத்தும் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. அறுவருக்கும் அளவு பார்த்துப் பூட்டிவிடுகிறார். முன்னால் போகிறவனுக்கு மட்டும் "பாதை தெரியும்." பாதை தெரிந்தவனைக் கல் வழுக்கி விழுத்தாதா? விருந்தினர் வருடத்தில் ஒருநாள் இறங்குகிறார். வழிகாட்டி வாரத்தில் நான்கு நாள் இறங்குகிறார். விழும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

விருந்தினரின் முழங்கால் கிழிந்தால் பயணக் காப்புறுதி இருக்கிறது. அந்தத் தம்பியின் முழங்காலுக்கு என்ன இருக்கிறது? தொழிலில் நேரும் காயத்துக்கு நட்டஈடு தரும் கட்டளைச் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் நியமனக் கடிதமோ சம்பளப் பதிவோ இல்லாமல் தொலைபேசி அழைப்பில் வந்துபோகும் இளைஞன், தான் அங்கே வேலை செய்தவன் என்று நிறுவுவதே பெரும்பாடு. தோட்டத்துக்குத் திரும்பலாம் என்றால், அங்கும் மலையேற வேண்டியது அதே முழங்காலால்தான். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்திருந்த சமூகத்தின் பிள்ளை அவன். ஒன்றரை மாதம் அவனுக்குச் சிறு காலமல்ல.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் பெக்கோ பாதை 2023 முதல் உலகப் பயணிகளின் பேச்சில் அடிபடுகிறது. மகிழ்ச்சிதான். தேயிலைக்காக எங்கள் முன்னோர் வெட்டிய பாதைகள் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புதிய தொழில் தருமென்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பழைய கணக்கே புதிய பெயரில் தொடரக்கூடாது. காப்பு துரைக்கு, காயம் தொழிலாளிக்கு என்பதுதான் அந்தப் பழைய கணக்கு.

எனவே நான் கேட்பது பெரிய சட்டமல்ல. பாண் விற்கச் சைக்கிளில் போகிறவரையும் பாடசாலைப் பிள்ளையையும் பொலிஸார் மறிக்கும் சட்டம் எனக்கு வேண்டாம். கட்டணம் வாங்கி மலையிறக்கும் ஒவ்வொருவரும், விருந்தினருக்குக் கொடுக்கும் அதே தரத்துக் கவசத்தைத் தன் செலவில் வழிகாட்டிக்கும் கொடுக்கட்டும். அவர் காயப்பட்டுக் கிடக்கும் நாட்களுக்குப் படி கொடுக்கட்டும். உல்லாசப் பயணத் துறை அதிகாரிகள் அனுமதி வழங்கும்போது இந்த இரண்டையும் கேட்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து கண்டி மலைகளில் சைக்கிள் ஓட்ட நினைக்கும் தமிழ் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் முன்னால் நிற்பவரின் முழங்காலைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், "இவருக்கும் பூட்டிய பிறகு போவோம்" என்று சொல்லுங்கள். காசு கொடுப்பவர் சொன்னால் முதலாளியின் காதில் விழும்.

அந்தத் தம்பி அன்று விசிலடித்துவிட்டு முன்னே இறங்கினார். அறுவரும் பின்தொடர்ந்தார்கள். வளைவில் மறையும்வரை அந்த வெறும் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி எவருடைய காயத்தையும் "சிறு" என்று நான் எழுதப்போவதில்லை.