மதுரையில் ஏது பூஜ்ஜியம் டிகிரி?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேரனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்குக் கொடுத்தேன். பெயர் தெரியாத ஒரு வாயு. 35 டிகிரி வெயிலில், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒரு லிட்டர் 1.74 கிராம் எடை. என்ன வாயு?

1.74-ஐ 22.4-ஆல் பெருக்கினான். 39 வந்தது. "ஆர்கான், தாத்தா!" என்றான். ஆர்கானின் எடை 40, பக்கத்தில்தானே இருக்கிறது!

"ஏம்ப்பா, மதுரையில என்னைக்கு பூஜ்ஜியம் டிகிரி வந்துச்சு?" என்று கேட்டேன். முழித்தான்.

ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிப்பது பூஜ்ஜியம் டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில். நம் ஊர் 35 டிகிரியில் அதுவே 25.3 லிட்டராக விரிந்துவிடும். அதால் பெருக்கினால் 44 வரும். கார்பன் டை ஆக்சைடு.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கும் 'வேன்த்-தெ விர்க்யூல் காத்ர்' மனப்பாடம்தான். (அவர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்.) ஆனால் எங்கள் வாத்தியார் துமாவின் கதையையும் சொன்னார். 1826-இல் அந்த மனிதர் கண்ணாடிக் குடுவையில் திரவத்தை விட்டுச் சூடாக்கி, ஆவி காற்றையெல்லாம் வெளியே தள்ளியதும் வாயை உருக்கி மூடி, எடை போட்டார். மூடிய நேரத்து வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டார். அவை இல்லாவிட்டால் அந்த எடையால் பயனில்லை.

இப்போது சில புத்தகங்களில் 22.7 என்று இருக்கிறது. 1982-இல் அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியதால் வந்தது, பிழை இல்லை. பிள்ளைகளோ எது சரி என்று சண்டை போடுகிறார்கள். வெப்பமும் அழுத்தமும் எழுதாமல் வெறும் எண்ணை எழுதும் விடைக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்பேன். தேதி போடாத மனுவை நான் என் மேசையில் ஏற்றுக்கொண்டதில்லை.

அத்தோடு முடியவில்லை. சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனுக்கும் 44தான். இரண்டுமே காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். நம் பக்கத்துப் பாழடைந்த கிணறுகளில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருந்தால் விளக்கு அணையும். புரொப்பேன் கசிந்து காற்றோடு கலந்து கிடந்தால்? எடை இங்கே கைகொடுக்காது. சுண்ணாம்புத் தண்ணீர் பால் போல் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பேரன் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து டம்ளரில் கரைத்து வைத்திருக்கிறான். தெளிந்ததும் சோடா வாயுவை விடப் போகிறானாம். பாட்டிக்கு இன்னும் தெரியாது.