முதலில் பிள்ளை, பிறகு பயணி

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைக் காலையில் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அது வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்போடு இருக்கிற தாய் தகப்பன்மார் கட்டாயம் வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சுற்றுலா பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். விடுதிகள் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கின்றன. வெளிநாட்டுக்காரர் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை மிதிக்கிறார்கள். சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுக்கும் போகிறார்கள். நல்லது, வரட்டும். நாங்கள் எதிர்ப்பது ஒன்றைத்தான்: வாகனமில்லாத சைக்கிள் பாதை என்பது விடுமுறைக்கு வந்தவரின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை. அந்தப் பாதை முதலில் எங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

இந்தக் குடாநாடு சைக்கிளுக்கென்றே விரித்துவைத்த பாய் மாதிரி. மலையில்லை, ஏற்றமில்லை. நகரத்திலிருந்து காங்கேசன்துறைக்கோ காரைநகருக்கோ போனால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். மலைநாட்டுக்காரர் பள்ளத்தாக்கு வழியே மிதிக்கலாம். எங்களுக்கு மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு இருக்கிறது. வலிகாமத்து வயல்களுக்குள்ளால் வந்து அராலியில் கடலேரியில் விழுகிறது. வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை வரை கடலோர வீதி இருக்கிறது. மணற்காட்டில் மணல்மேடும் சவுக்கங்காடும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் இணைக்க ஊருக்கு ஊர் ஒழுங்கைகள் இருக்கின்றன. இல்லாத ஒன்று, பிள்ளை பயமில்லாமல் போக ஒரு துண்டுப் பாதை.

வாகனம் குறைந்த வீதியை இந்த மண் இரண்டு தரம் கண்டிருக்கிறது. இரண்டு தரமும் கட்டாயத்தால்தான்.

முதல் தரம், 90களின் தொடக்கத்தில். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. விறகும் அரிசியும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். பற்றரி இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். இதை நாங்கள் கண்ணால் காணவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறு என்று சொல்லப்பட்டு, வீட்டையும் கடையையும் விட்டுப் புத்தளத்துக்குப் போனவர்கள் நாங்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி வெளியேறியது. அந்த மழை இரவில் முதியவரையும் குழந்தையையும் சட்டிபானையையும் சுமந்ததும் சைக்கிள்தான். அயலவர்கள் சொல்லக் கேட்டோம். ஒரே திகதியில் இரண்டு சமூகமும் வீடிழந்த ஊர் இது. சைக்கிளை ஏழையின் வண்டி என்று இந்த ஊரில் யாரும் இளக்காரமாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் தரம், 2022இல். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. ஆசிரியர்களும் கச்சேரி உத்தியோகத்தர்களும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். பழைய சைக்கிள்கூடக் கிடைக்காத நிலை. அந்த மாதங்களில் வீதி அமைதியாக இருந்தது. பிறகு எண்ணெய் வந்தது, கியூஆர் அட்டை வந்தது, வீதி பழையபடி ஆனது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அமைதியாக இருந்த அந்த மாதங்களின் பாடம் மட்டும் எந்தத் திட்டத்திலும் ஏறவில்லை.

நெதர்லாந்து அப்படி விடவில்லை. இன்று சைக்கிள் நாடு என்று எல்லோரும் புகழும் அந்த நாட்டில் 1971இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பெற்றோர் வீதியில் இறங்கினார்கள். அவர்களின் இயக்கத்துக்கு வைத்த பெயரே 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்பதுதான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டார்கள். வெறுமையான வீதியைக் கண்ட சனம் அதன் சுகத்தை மறக்கவில்லை. அதன்பின் ஆண்டுக்காண்டு பாதைகள் கட்டினார்கள். அவர்களின் நாடும் எங்களைப்போலத் தட்டைதான். அங்கே சைக்கிள் பாதைக்காக முதலில் தெருவுக்கு வந்தவர்கள் சுற்றுலா வியாபாரிகள் இல்லை, பெற்றோர்.

மலைக்குள்ளும் இது நடக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கிலிருந்து அல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் கிராடோ கடற்கரை வரை ஏறத்தாழ 410 கிலோமீற்றர் சைக்கிள் வழி இருக்கிறது. இத்தாலியப் பள்ளத்தாக்கில் அதன் ஒரு பகுதி, கைவிட்ட பழைய ரயில் பாதையின் மேல் போகிறது. மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளாலும் பாலத்துக்கு மேலாலும் சைக்கிளை விட அவர்களால் முடியுமென்றால், பனங்கூடலுக்குள்ளால் விட எங்களால் ஏன் முடியாது?

இனி, அடிக்கடி கேட்கும் மறுமொழிகளுக்கு வருவோம்.

"வீதியை அகலமாக்கி காப்பெட் போட்டால் சரி" என்கிறார்கள். காப்பெட் வேண்டும்தான். ஆனால் வீதி வழுவழுப்பானால் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகும். இது நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிற விஞ்ஞானம். 30இல் வருகிற டிப்பருக்கும் 60இல் வருகிற டிப்பருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்குவது, புத்தகப் பையோடு ஓரமாகப் போகிற பிள்ளையின் உடம்பு.

"ஓரத்தில் வெள்ளைக்கோடு கீறினால் போதாதா?" போதாது. கோடு கீறிய இடத்தில் மறுநாள் ஹயஸ் வான் நிற்கும். பாதையை வீதியிலிருந்து கட்டு வைத்துப் பிரிக்க வேண்டும்.

"இந்த வெயிலில் யார் மிதிப்பது?" இப்போதும் மிதிக்கிறார்களே! காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கும், பின்னேரம் ரியூசனுக்கும், தோட்டத்துக்கும், மீன் சந்தைக்கும். வெயிலுக்கு மருந்து மரம். வீதி அகலிக்கும்போது வெட்டினவற்றுக்குப் பதிலாக வேம்பும் பூவரசும் நடுங்கள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குச் சைக்கிள்?" இது எங்கள் சமூகத்துக்குள்ளேயே வருகிற குரல், ஆகவே எங்கள் சமூகத்துக்கே சொல்கிறோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளும் பழக்கியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அவர்களின் மானம் போகவில்லை. சந்தைக்குப் போக அண்ணனையும் புருஷனையும் காத்திருக்கிற நிலைதான் போனது. எங்கள் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் பர்தாவும் சைக்கிளுக்குத் தடையில்லை. தடை, பின்னால் ஹோர்ன் அடித்து முட்ட வருகிற வாகனம். அதை ஒதுக்காமல் பிள்ளையை வீட்டுக்குள் ஒதுக்குவது நியாயமில்லை.

"சுற்றுலாவால்தானே காசு?" காசும் வரும். ஹயஸ் வானில் வருகிறவர் நல்லூர், நூலகம், நயினாதீவு என்று மூன்று இடத்தில் இறங்கிப் போய்விடுவார். சைக்கிளில் வருகிறவருக்குத் தாகமெடுக்கும், பசிக்கும், ரயர் காற்றுப் போகும். வழியில் இளநீர் விற்கிறவரும், தேநீர்க்கடையும், ஒட்டுக்கடையும் பிழைப்பார்கள். ஆனால் பிள்ளை போகப் பயப்படுகிற வீதியில் பயணியும் நெடுக வரமாட்டார். பிள்ளைக்குக் கட்டின பாதையில் பயணி தானாக வருவார்.

நாங்கள் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை.

ஒன்று, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் பாடசாலை வீதிகளில் டிப்பரை நிறுத்துங்கள்.

இரண்டு, ஒழுங்கைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பாடசாலை வரை சைக்கிள் வழியாக அடையாளப்படுத்துங்கள். அந்த வழியில் கனரக வாகனம் வேண்டாம்.

மூன்று, வழுக்கையாற்றுக் கரையில் வாய்ப்பான இடங்களில் மண்பாதை போடுங்கள். மாரியில் வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும், ஆகவே கொங்கிறீற் வேண்டாம்.

நான்கு, பண்ணைப் பாலத்தில் கடல் பக்கமாகத் தடுப்போடு ஒரு சைக்கிள் பாதை. தீவகத்துப் பிள்ளைகளும் அதில்தான் நகரத்துக்கு வருகிறார்கள்.

யாரிடம் கேட்பது? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் கீழ். ஒழுங்கைகள் மாநகர, நகர, பிரதேச சபைகளின் கையில். ஆகவே இரண்டாவது கோரிக்கைக்குக் கொழும்பைக் காரணம் சொல்ல இடமில்லை. 2025 மே மாதத் தேர்தலில் வாக்குக் கேட்டு எங்கள் படலை வரை வந்தவர்கள், அதே ஒழுங்கையால்தான் வந்தார்கள்.

பாதைக்கு உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு கிளை என்றார்கள். முள்ளும் கல்லும் மட்டுமா தொல்லை? பிள்ளையை வடிகானுக்குள் தள்ளுகிற வேகமும் தொல்லைதான். ஜும்ஆவுக்கு வந்து பள்ளிவாசல் வாசலில் வீதியை மறித்து வாகனம் நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தடையால் ஒருமுறை, வங்குரோத்தால் ஒருமுறை வீதி அமைதியானது. மூன்றாம் முறை அது எங்கள் விருப்பத்தால் ஆகட்டும்.

உங்கள் பிள்ளை சைக்கிளில் போகிற வழியில் ஆகப் பயமான சந்தி எது, ஒழுங்கை எது? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எந்தச் சமூகம், எந்தப் பாடசாலை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, கையெழுத்தோடு உங்கள் உங்கள் சபைகளில் கொடுப்போம்.